மேல் துளை

அந்த மிசினை நான் பல வருடம் முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. இரண்டு சில்லும் நீளக் கைப்பிடியுமாக, பின்னால் நடந்து உழுகிற பழைய லான்ட்மாஸ்டர் அது. கொட்டில் மூலையில் தகரத்தின் கீழ் கிடந்தது. கோழி அதற்குள் முட்டை இட்டால் முட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், மிசின் பக்கம் திரும்ப மாட்டேன். அது எனக்கு எதிரி. வேறு எப்படிச் சொல்வது?

கடைசிச் சண்டைக்குள் நாங்கள் எங்கள் ஊர் கண்டாவளையை விட்டு வெளிக்கிட்டு, இடம் மாறி இடம் மாறிக் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தது அந்த மிசினின் பின்னால் கொழுவின இழுவைப் பெட்டியில்தான். நான், என் கணவர், அவருடைய அம்மா, மூன்று பேர். மணலில் சில்லுப் புதைந்துவிட்டது. பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு வருகிறது. "நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு நட. நான் மிசினை இழுத்தெடுத்துக்கொண்டு பின்னாலை வாறன்" என்றார் அவர். நானும் மாமியும் நடந்தோம். அவர் பின்னால் வரவேயில்லை.

மீளக் குடியேறிய பிறகு, கைவிட்ட வாகனங்களை எல்லாம் ஒரு வெளியில் குவித்து வைத்திருக்கிறார்கள், அடையாளம் காட்டி எடுக்கலாம் என்று சொன்னார்கள். போனேன். துருவேறிய மிசின்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. நான் எஞ்சின் நம்பரைத் தேடவில்லை. ஒரு மிசினின் கைப்பிடி மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. அவர் ஆறடிக்கு மேல். குனிந்து உழுது நாரி, இடுப்பெல்லாம் பிடிக்குது என்று, கைப்பிடியை இடையில் வெட்டித் தண்ணீர்க் குழாய்த் துண்டு வைத்து, தானே வெல்டிங் அடித்து உயர்த்தியிருந்தார். ஒட்டெல்லாம் கட்டி கட்டியாக, பார்க்கச் சகிக்காது. அப்படி மிசின் வீட்டுக்கு வந்தது, ஆள் வரவில்லை.

மாமிக்கோ அது நல்ல சகுனம். "மிசின் வந்திட்டுதெல்லே, அவனும் வருவான்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் துடைத்துச் சந்தனம் வைப்பார். நானோ, உன்னை இழுக்கப் போய்த்தானே அவர் நின்றவர் என்று அதோடு வாய்விட்டே சண்டை பிடித்திருக்கிறேன். இரும்போடு சண்டை பிடிக்கிற விசரி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போங்கள்.

இரும்பு வேலை எனக்குக் கைவந்த வேலை. திரும்பி வந்த புதிதில் பெண்களுக்குத் தையலும் கேக் அடிக்கவும் பழக்கினார்கள். வெல்டிங் வகுப்பில் பெண் ஒருத்தியும் சேரவில்லை. நான் பெயரைக் கொடுத்தேன். சிரிக்காத ஆள் இல்லை. இன்றைக்கு எங்கள் பக்கத்து வீடுகளின் வாசல் இரும்புப் படலைகளில் பாதி என் கையால் ஒட்டினவை. சிரித்த வீட்டுப் படலைகளும் அதில் இருக்கின்றன.

எனக்குப் பிரச்சினை வயலால் வந்தது. இரண்டு ஏக்கர் நெல்வயல். உழவுக்குப் பெரிய ட்ராக்டர் வைத்திருக்கிற பக்கத்து வளவுத் தம்பியை நம்பியிருந்தேன். எப்போது கேட்டாலும் "நாளைக்கு அக்கா". ஆம்பிளை இல்லாத வீட்டு வயல் எப்போதும் கடைசி வயல். போன பெரும்போகம் அவனுடைய நாளை விடிந்தபோது மழை கொட்டி வயல் குளமாகிவிட்டது. பிந்தி விதைத்த நெல் அழுகிப்போனது. இந்த முறையும் பிந்தினால் வயலை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு நான் வரம்பில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதற்கு என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. எதிரியோ சனியனோ, மிசினைத் திருத்தி நானே உழுவது என்று முடிவெடுத்தேன்.

கராஜ்காரர் ஒருவர் வந்து எஞ்சினைப் பிரித்துச் சரிக்கட்டித் தந்தார். வயலில் இறக்கினேன். ஐயோ, அந்தக் கூத்தை என்ன சொல்ல! நான் ஐந்தடிக்கும் குறைவு. கைப்பிடி என் தோளுக்கு வந்தது. அமத்தவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. மிசின் துள்ளத் துள்ள நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் இழுபட்டேன். அப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு நாள் எனக்கு ஏற்கனவே இருந்தது, அந்த மணலைக் கடந்து ஆமியிடம் போன நாள். திடீரென்று அது முழுவதும் திரும்பி வந்தது. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு வரம்பில் குந்திவிட்டேன்.

வேலியடியில் நின்ற தம்பிக்குப் பகிடி. "அக்கா, நீங்கள் மிசினைக் கொண்டு போறியளோ, மிசின் உங்களைக் கொண்டு போகுதோ?"

"உங்கடை நாளைக்கு எப்ப வருமெண்டுதான் நானும் பாத்துக்கொண்டிருக்கிறன் தம்பி" என்றேன். அவன் வேலியடியை விட்டு உள்ளே போனான்.

மிசினை வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டுவிட்டு, இரும்பு வெட்டுகிற கிறைண்டரை எடுத்தேன். வயரைக் கொழுவி முடியவில்லை, மாமி வந்துவிட்டார்.

"என்ன செய்யப் போறாய்?"

"கைப்பிடியைப் பதிக்கப் போறன் மாமி. எனக்கு உயரம் கூடிப்போச்சு."

"வெட்டப் போறியோ?"

"ஓம்."

மாமி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்ப அவன் வந்து எதைப் பிடிக்கிறது?"

"வந்தால் திரும்ப ஒட்டிக் குடுக்கிறன்."

"நீ ஒட்டமாட்டாய். அவன் வரமாட்டானெண்டு உன்ரை மனசு முடிவெடுத்திட்டுது. அதுதான் வெட்டப் போறாய்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நானோ முடிவெடுத்தனான்? ஆரைப் பாத்து என்ன கதை கதைக்கிறியள்? அவரைத் தேடித் தாங்கோ எண்டு படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு வெயிலுக்கை ரோட்டிலை இருந்தது நானோ நீங்களோ?" என்று கத்தினேன். எண்பது வயதை எட்டுகிற மனுசியிடம் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. ஆனால் கத்தினேன். மாமி உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்குச் சோறு அப்படியே கிடந்தது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் காலை மாமி கிணற்றடிக்குப் போகும்போது, அவர் ஊன்றிப் போகிற தடியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியத் தடி. குழாய்க்குள் குழாய், பக்கத்தில் வரிசையாகத் துளைகள், ஆளின் உயரத்துக்கு ஏற்றபடி கூட்டலாம், குறைக்கலாம். அட, இவ்வளவு நாளும் கண் எங்கே போனது எனக்கு!

மாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒருதருக்காக மற்றவரை வெட்டத் தேவையில்லை மாமி. ரெண்டு துளை போடுறன். கீழ்த் துளை எனக்கு. மேல் துளை அவருக்கு. அவர் வந்தால் ஆணியைக் கழட்டி உயர்த்தினால் சரி." மாமி கதிரையைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டு, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதுதான் சம்மதம்.

முதலில் நிலத்திலிருந்து கைப்பிடிவரை அளந்து எழுதிவைத்தேன். பிறகு அவர் ஒட்டின இடத்தில் கிறைண்டரை வைத்தேன். குழாய் வெட்டுப்பட்டு விலகியபோது உள்ளேயிருந்து மணல் கொட்டியது. எங்கள் பக்கத்து மண் இல்லை. வெள்ளைக் கடல் மணல். இத்தனை வருடமும் அது குழாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. கிறைண்டரை நிற்பாட்டினேன். மாமி எழுந்து வந்து, குனிய முடியாமல் குனிந்து, மணலைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு போய் ஒரு சிரட்டையில் போட்டார். 

அடியில் அகலமான மொத்தக் குழாயை வைத்து ஒட்டினேன். அதற்குள் சரியாக இறங்குகிற மெல்லிய குழாயை மேல் பகுதியில் ஒட்டினேன். உழும்போது கடகடவென்று ஆடாமல் இறுக்க, பக்கத்தில் ஒரு நட்டை வைத்து ஒட்டி போல்ட் பூட்டினேன். கிளட்ச் வயர் இரண்டு உயரத்துக்கும் எட்ட வேண்டும் என்று நீளமாக விட்டு, மிச்சத்தை வளைத்துக் கட்டினேன். கீழ்த் துளையைப் போட்டு ஆணியைச் செருகி, வளவுக்குள் ஒரு சுற்று ஓட்டினேன். முழங்கை மடிந்து கை இடுப்பளவில் நின்றது. திருப்பின பக்கம் திரும்பியது. சொன்னால் கேட்கிற மாடு மாதிரி வந்தது. பக்கத்து வளவுத் தம்பியின் நாளை இனி எனக்குத் தேவையில்லை. சந்தோசத்தில் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அடுத்தது மேல் துளை. எழுதிவைத்த அளவைப் பார்த்துக் குழாயில் சோக்கட்டியால் கோடு கீறினேன். துளைக்கிற மிசினைக் கையில் எடுத்தபோது மாமி கதிரையை விட்டு எழுந்து வந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எந்த உயரம் பிள்ளை?"

"முந்தி இருந்த அதே உயரம் மாமி. ஒரு நூலும் குறையேல்லை. பயப்பிடாதேங்கோ."

மாமி தலையை ஆட்டினார். "அது அப்ப. இப்ப அவனுக்கு ஐம்பத்தாறெல்லே. அவன்ரை தேப்பனுக்கு ஐம்பத்தஞ்சிலேயே முதுகு வளைஞ்சு போச்சுது. இவனுக்கும் அந்த உடம்புதான். ரெண்டு விரல் பதிச்சுப் போடு." பிறகு, தனக்குள்ளே சொல்வதுபோல, "தேப்பன்ரை பிரசரும் வந்திருக்கும். ஆர் குளிசை எடுத்துக் குடுக்கினமோ" என்றார்.

துளைக்கிற மிசினை நிலத்தில் வைத்தேன். இந்த மனுசியின் மனதுக்குள் அவருக்கு ஒவ்வொரு வருடமும் வயது போயிருக்கிறது. மயிர் நரைத்திருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, பிரசர் வருத்தம் வந்திருக்கிறது. என்னிடம் வருகிற அவருக்கு நாற்பது வயது. கனவில் வந்தாலும் இடுப்பில் அதே நீலச் சாரம், அதே கறுத்த தலை. எனக்கு ஐம்பத்திரண்டு. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளாகிவிட்டேன், அது ஒரு நாளாவது எனக்கு உறைக்கவில்லை. மாமி அன்று முகத்துக்கு நேரே சொன்னது சரி. செத்தவர்களுக்குத்தான் வயது போகாது. நான் எப்போதோ, எனக்கே தெரியாமல், அவரைச் சாகவிட்டிருந்தேன்.

கோட்டைத் துணியால் துடைத்து அழித்தேன். இரண்டு விரலை வைத்து அளந்து, கீழே புதிதாகக் கீறித் துளைத்தேன். மாமி விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"சரியே பிள்ளை?"

"ஓம் மாமி. அவருக்கு இது சரியா இருக்கும்."

அவர் உயிரோடு இருக்கிறார் என்று எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில், எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய் என்று தெரிந்து சொன்னது அதுதான் முதல் தடவை.