தேர்வு ஓட்டம் நடந்த வியாழக்கிழமை

எழுபதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தேன். மணவாள நகரிலிருந்து போனவன். ஏரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதில் மீன் கிடைக்கும் என்பது மட்டும். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி போதவில்லை என்று வந்த வாரமே முடிவு கட்டினேன். தினமும் காலை வணக்கத்துக்கு முன் மைதானத்தை நான்கு சுற்று ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். மைதானம் என்றால் மணல்தான், கால் புதையும். யார் நோஞ்சான், யார் சோம்பேறி என்று நோட்டில் இரண்டு பட்டியல் வைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் இரண்டிலும் அடங்கவில்லை. ஒரு நாள் எல்லோரையும் அரைச் சுற்று பின்னால் விட்டுவிட்டு ஓடுவான். மறுநாள் கால்களை இழுத்துக்கொண்டு கடைசியில் வருவான். திமிர் என்று நினைத்தேன். கடைசியில் வந்த நாட்களில் கூடுதலாக இரண்டு சுற்று கொடுத்தேன். அதையும் ஓடி முடிப்பான்.

ஜில்லா போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருவனைத்தான் அனுப்ப முடியும். அவனுக்கு அதில் கொள்ளை ஆசை. "சார், அங்க நெஜமாவே கோடு போட்ட டிராக் கீதா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான்.

வியாழக்கிழமை காலை தேர்வு ஓட்டம் வைத்தேன். ஈரத் தலையோடு வந்து நின்றான். "துவட்டக்கூட சோம்பலா?" என்றேன். சிலர் சிரித்தார்கள். ஐந்தாவதாக வந்தான். ஜவுளிக்கடை பாயின் மகன் முதலில் வந்தான். அவன் பெயரை எழுதி, தலைமையாசிரியரிடம் உடனே கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மதியம் ஜெயித்தவனே என்னைத் தேடி வந்தான். "சார், அஞ்சாவதா வந்தானே, இன்னிக்கு அவுங்க பாடு சார். இருட்டுலயே ஏரில எறங்கி, வலைய இஸ்துட்டு நேரா ஓட வந்துகிறான். நேத்து வெச்சிருந்தா நான் அவன் முதுகத்தான் பாத்திருப்பேன்."

பாடு என்பது ஏரியில் வலை போடும் முறை. இந்த இடத்தில் இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று ஊரே பேசி வைத்திருப்பது. முறை வந்த நாளில், வீட்டில் ஆள் போதாவிட்டால் பையனும் இறங்க வேண்டும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. வாத்தியாருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்து யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

வெட்கமாக இருந்தது. ஆனாலும், "கையெழுத்துப் போட்டாச்சு, போடா" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பாடு இல்லை. காலையில் அவன் ஓடினான். பழக்க தோஷத்தில் ஸ்டாப் வாட்சை அழுத்தியிருந்தேன். முந்தின நாள் ஜெயித்தவனின் நேரம் பக்கத்திலேயே வர முடியாது. மூச்சிரைக்க என்னிடம் வந்து, "எவ்ளோ சார்?" என்றான்.

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் தபாலில் போகவில்லை. என் சட்டைப் பையில்தான் இருந்தது. "சரியா பாக்கலடா" என்றேன்.