படுக்கை ஓய்வில் ஒரு குத்தாட்டம்

அன்றைக்கு நுகர்வோர் கமிஷன் ஹாலில் இருந்தவர்கள்: தலைவர் அம்மா, பக்கத்தில் ஒரு மெம்பர், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், எங்கள் வக்கீல், முதலியார்பேட்டை செல்வி அக்கா, சாட்சியாக நான். அப்புறம்… அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன். அவர் லேப்டாப்பில் இருந்தார். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார்.

அண்ணனும் நானும் உழவர்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஐந்து லட்சத்துக்கு ஒரு லைஃப் பாலிசி எடுத்திருந்தார். எடுத்துப் பதினாலு மாசம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் ஆள் போனால் துருவிப் பார்ப்பார்கள். துருவினார்கள். பாலிசிக்கு முந்தின வருஷம் அண்ணன் போட்ட மெடிக்கல் லீவு சர்டிஃபிகேட் சிக்கியது. ‘நெஞ்சு வலி. ஏழு நாள் படுக்கை ஓய்வு.’ பாலிசி ஃபாரத்திலோ, சிகிச்சை எடுத்ததுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’. நோயை மறைத்துவிட்டார், பாலிசி செல்லாது என்று அக்காவுக்கு லெட்டர் வந்துவிட்டது. மகளின் நர்சிங் ஃபீஸ் இந்தப் பணத்தை நம்பித்தான் நின்றிருந்தது.

உண்மை என்ன? நோணாங்குப்பத்தில் அவர் தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் வராமல் அங்கே பந்தலில் ஒரு வேலையும் நடக்காது. கம்பெனியில் கல்யாணம் என்றாலே இரண்டு நாள்தான் லீவு. இதற்கெல்லாம் யார் கொடுப்பார்கள்? எனவே, எங்கள் கம்பெனி வழக்கப்படி, அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

என்ன வியாதி போடலாம் என்று என்னிடம்தான் கேட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் வியாதிகளைப் பற்றிக் கவலைப்படுவதில் டாக்டர் பட்டமே வாங்கலாம். காய்ச்சல் என்றால் மூன்றே நாளில் வரச் சொல்வார்கள். காமாலை என்றால் கண்ணைப் பார்ப்பார்கள்.

“நெஞ்சு வலின்னு போடச் சொல்லுண்ணா. எவனும் கேக்க மாட்டான்” என்றேன்.

எவனும் கேட்கவில்லை – அவர் சாகும்வரை.

ஊரில் எல்லாரும் தங்கள் வீட்டு ஆள் யோக்கியன் என்று நிரூபிக்கத்தான் கேஸ் போடுவார்கள். நாங்கள் போட்டது ஏழுமலை அண்ணன் பொய் சொன்னார் என்று நிரூபிக்க.

விழா பத்திரிகையைக் கொடுத்தோம். வீடியோவைப் போட்டோம். படுக்கை ஓய்வின் மூன்றாம் நாள். லோடு ஆட்டோ நிறைய சீர்த்தட்டு. முன்னால் மேளம். தலைப்பாகை கட்டிக்கொண்டு அண்ணன் போட்ட ஆட்டத்தைப் பார்த்து மெம்பர் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா மட்டும் திரையைப் பார்க்கவேயில்லை.

இன்சூரன்ஸ் வக்கீல் அசரவில்லை. “வேலை குடுத்தவங்களையே ஏமாத்தினவர், எங்க ஃபாரத்துல மட்டும் உண்மைய எழுதியிருப்பாரா?” என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் வக்கீல் ஃபைலைப் புரட்டினார்… புரட்டிக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்துவிட்டார்.

“அவரு பொய் சொன்னாருதாம்மா. லீவுக்குச் சொன்னாரு. சாவறதுக்குச் சொல்லல.”

 பிறகு தலைவர் அம்மா என் வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்து, நெஞ்சு வலி உங்கள் யோசனையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள் எத்தனை முறை இப்படி லீவு போட்டீர்கள் என்று அடுத்து கேட்டுவிடுவாரோ என்று மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தேன். கேட்கவில்லை.

ஆனால் நான் விடுவேனா? வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டேன். ரெக்கார்டுப்படி எனக்கு இரண்டு டைஃபாய்டு, ஒரு முதுகுத்தண்டு, ஒரு கிட்னிக் கல். என் பாலிசியிலும் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’தான். எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மனைவியிடம் சொன்னேன்.

“இன்னும் ஒரு வருஷந்தான? அதுவரைக்கும் செத்துடாத” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு நிஜமாகவே நெஞ்சைப் பிடிக்கிறது. டாக்டரிடம் போகத்தான் பயம். போனால் ரெக்கார்டில் ஏறிவிடுமே!

தீர்ப்பு எங்கள் பக்கம்தான். பாலிசி செல்லும், முழுத் தொகையும் கொடு என்றார்கள். மகளிடம் அக்கா, அடுத்த மாசம் ஃபீஸ் கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். போன வாரம் அப்பீல் நோட்டீஸ் வந்தது. அதில் இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் புதுக் காரணம்: நெஞ்சு வலியோடு அப்படி ஆடியதால்தான் இதயம் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

ஆக, மேல் கமிஷனிலும் ஏழுமலை அண்ணன் ஒருமுறை ஆட வேண்டும். அக்கா கைக்கு இன்னும் வராதது – ஐந்து லட்சம் ரூபாய்.