கொள்ளாம்னு சொன்ன போர்டு

எங்க குடும்பத்துக் கல்யாணங்கள்ல, சாப்பிட்டு முடிச்சு வெத்தலைத் தட்டைச் சுத்தி எல்லாரும் உக்காந்தா, யாராவது ஒருத்தர் இந்தக் 'கொள்ளாம்' கதையை எடுப்பா. எல்லாரும் சிரிப்பா. பெரியக்காவோட ஆத்துக்காரர், அந்த அத்திம்பேரே வயத்தைப் பிடிச்சுண்டு சிரிப்பார். நான் மட்டும் உம்முனு இருப்பேன். "இன்னுமாடி அத்திம்பேர் மேல கோபம்?"னு கேப்பா. கோபம்தான். யார் மேலங்கறதுதான் இவாளுக்குத் தெரியாது. இவா பாதிக் கதையைச் சொல்லிட்டுச் சிரிக்கறா. மீதிப் பாதி எனக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்துல, கோட்டைக்குள்ள எங்க ஆத்து நடு ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டர் பக்கத்துல பக்கத்துல இருந்தது. ஒண்ணு தம்பி தன்னோட முதல் சம்பளங்களைச் சேத்துத் தனக்குன்னு பண்ணிண்டது. அதை ஒருத்தரையும் தொட விடமாட்டான். மத்தது, அவன் காலேஜ்ல சேந்தப்போ அப்பா வாங்கிக் குடுத்த பழசு. அவனுக்குப் புதுசு வந்ததும் பழசு எனக்குன்னு ஆச்சு. ஆத்துல மூத்தவாளோட பழசு சின்னவாளுக்கு வரும்பா, எங்காத்துல தம்பியோட பழசு அக்காவுக்கு வந்தது. கேட்டா, "நீ என்ன, சும்மா விளையாடறதுக்குத்தானே"ம்பா. அவன் என்ன அதுல ராக்கெட்டா விட்டான்? அவனும் விளையாடத்தான் விளையாடினான்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேபிள் போட்டு, துப்பாக்கி எடுத்துண்டு ஒருத்தரை ஒருத்தர் தேடிச் சுடற ஆட்டம் ஆடுவோம். ஊர்க்கோடில கழக்கூட்டம்ங்கற எடத்துல எனக்கு வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்லேர்ந்து எறங்கி, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு நேரா அங்கதான் போய் உக்காருவேன். உக்காந்து தோப்பேன். நான் மௌஸை நகத்தினா கை நகரும், படம் நகராது. ரெண்டு தடவை விக்கிட்டு அப்பறம் ஒரேயடியாத் திரும்பும். அதுக்குள்ள தம்பி என்னைச் சுட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். மூணு வருஷம். ஒரு நாள் ஜெயிச்சேன்னு சொல்லிக்க வழியில்லை.

"என் மெஷின் இழுக்கறதுடா"ன்னா போறும், ராகம் போட்டுச் சொல்லுவான்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" அம்மா அடுக்களைலேர்ந்து சிரிப்பா. எனக்குப் பத்திண்டு வரும். கூடம் நெஜமாவே கோணலா இருந்தா என்னடா பண்றது? அதை அளந்து பாத்தவா யாரு?

அப்பறம் தம்பிக்கு வெளிநாட்டுல வேலை கெடைச்சுது. ஒரு மாசத்துல பிளைட். அன்னிக்கே நான் தீர்மானம் பண்ணிட்டேன். இவன் போறதுக்குள்ள நல்ல பிராசசரும் அதைச் சொருகற போர்டும் வாங்கி, சமமா உக்காந்து, ஒரு தடவையாவது இவனை ஜெயிக்கணும். இல்லாட்டா ஆயுசு முழுக்க நான் ஆடத் தெரியாதவதான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நகையா கேட்டேன், புடவையா கேட்டேன்?

மூணு வாரம் நான் படிச்ச படிப்பு பரீட்சைக்குக்கூடப் படிச்சதில்லை. அப்போ பிராசசர்ல ரெண்டு கட்சி. ஒண்ணு ஊருக்கெல்லாம் தெரிஞ்ச நீல டப்பா. மத்தது ஆட்டம் ஆடறவா மட்டும் பேசிக்கற பச்சை டப்பா. நான் பச்சையை எடுத்தேன். சூடாகும்னு பயமுறுத்தினா. ஆனா ஆகட்டும், தோசையா வாக்கப் போறேன், நல்ல ஃபேன் போட்டுக்கறேன்னேன். போர்டுதான் கஷ்டம். எல்லாரும் பிராசசரோட பேரைத்தான் கேப்பா, போர்டைக் கேக்கவே மாட்டா. மாப்பிள்ளையைப் பத்தி விசாரிச்சுட்டு, மாமியார் யாருன்னு கேக்காம பொண்ணைக் குடுக்கற மாதிரி. ஆட்டத்துப் படத்தை ஓட்டற கேம் கார்டு ஒண்ணு ஏற்கெனவே எங்கிட்ட இருந்தது. தம்பி தனக்குப் புதுசு வாங்கினப்போ எனக்குத் தள்ளி விட்டது. கார்டு நல்ல கார்டு, அதுக்குத் தீனி போடற பிராசசர்தான் கிழடு. அதனால புது போர்டுல அந்தக் கார்டைச் சொருக பழுப்புக் கலர்ல ஒரு ஸ்லாட் கட்டாயம் இருக்கணும். விலை கொறைச்ச போர்டுகள்ல அது இருக்காது. இதெல்லாம் பாத்துப் பாத்து ஒரே ஒரு போர்டைக் குறி வெச்சேன்.

ஸ்டாச்யூ ஜங்ஷன் பக்கத்துல ஒரு மாடிக் கடை. நான் போறப்போல்லாம் கடைக்காரன் கேக்கற முதல் கேள்வி, "ஆர்க்கா? அனியனா?" யாருக்கு, தம்பிக்கான்னு. "எனக்குத்தான்"னு நாலு தடவை சொல்லியிருப்பேன். அஞ்சாவது தடவையும் "அனியன் வந்நில்லே?"ன்னான், தம்பி வரலியான்னு. சவம், சொல்றது காதுல விழுந்தாத்தானே? பச்சை டப்பா பிராசசரை வாங்கி அவன் கிட்டயே குடுத்துட்டு வந்தேன். போர்டு கொச்சிலேர்ந்து வரணும். வந்ததும் என் பிராசசரை அதுல போட்டு ஓட்டிப் பாத்துட்டு ஆத்துக்கு போன் பண்றதா ஏற்பாடு.

தம்பியை வழியனுப்ப என் பெரியக்காவும் அத்திம்பேரும் தஞ்சாவூர்லேர்ந்து ஒரு வாரம் முன்னாடியே வந்து எறங்கினா. அத்திம்பேர் நல்லவர். ஆனா உலகத்துல எந்த விஷயத்துக்கும் அவர் கிட்ட ஒரு அபிப்பிராயம் ரெடியா இருக்கும். மலையாளம்கறது மூக்கால பேசற தமிழ், அதுக்குன்னு தனியாக் கத்துக்க ஒண்ணுமில்லைங்கறது அவரோட கட்சி. புதன்கிழமை, நான் ஆபீஸ்ல இருக்கேன், ஆத்துல போன் அடிக்கறது. எடுத்தவர் அத்திம்பேர்.

கடைக்காரன் சொன்னது இவ்வளவுதான்: "சார், போர்டு வந்நு. பிராசசர் இட்டு நோக்கி. கொள்ளாம்."

இந்த ஊர்ல பொறந்த பச்சைக் கொழந்தைக்குக்கூடத் தெரியும், கொள்ளாம்னா நன்னாருக்கு, பிரமாதம்னு அர்த்தம். பாயசம் கொள்ளாம், பொண்ணு கொள்ளாம், போர்டு கொள்ளாம். தஞ்சாவூர்க் காதுல அது எப்படி விழுந்தது? கொள்ளாது. அடங்காது, உள்ள போகாது, பத்தாதுன்னு. பிராசசரைப் போட்டுப் பாத்தேன், கொள்ளாது. என்ன கச்சிதம் பாருங்கோ! வேற எந்த சாமானைப் பத்திச் சொல்லியிருந்தாலும் அவருக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஒண்ணுல ஒண்ணைச் சொருகற விஷயமாப் போச்சு, துளி சந்தேகம் வரலை.

"கொள்ளாதுன்னா அது எதுக்கு? வேண்டாம்"னுட்டார். வேண்டாம்கறது ரெண்டு பாஷைலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, அது மட்டும் அவனுக்கு நன்னாப் புரிஞ்சுது. அதோட விட்டாரா மனுஷன்? சட்டையை மாட்டிண்டு, ஆட்டோ பிடிச்சு, தானே கடைக்குப் போயிருக்கார். "எங்க ஆபீஸ் பூரா நீல டப்பாதான், இது என்ன ஊர் பேர் தெரியாத கம்பெனி"ன்னு சொல்லி, பிராசசரையும் மாத்தி, போர்டையும் மாத்தி, ஒரு பையைத் தூக்கிண்டு வந்துட்டார்.

நான் சாயங்காலம் வரேன், கூடத்துல அத்திம்பேர் சபை நடத்திண்டிருக்கார். "வா வா, உன் காரியத்தை முடிச்சுட்டேன். நீ சொன்னது கொள்ளவே கொள்ளாதாம். நல்லதா ஒண்ணு கொண்டு வந்திருக்கேன், தனியாக் கார்டுகூட வேண்டாம், எல்லாம் உள்ளயே இருக்காம்!"

டப்பாவைத் திறந்தேன். வெள்ளை ஸ்லாட் மூணு. பழுப்பு ஸ்லாட் இல்லை. ஆபீஸ்ல லெட்டர் அடிக்கற போர்டு. திருப்பித் திருப்பிப் பாத்தேன், பாத்தா மொளைக்கவா போறது?

"கொள்ளாதுன்னு அவனா சொன்னான்? என்ன வார்த்தை சொன்னான்னு அப்படியே சொல்லுங்கோ."

"கொள்ளாம்னான். இவா எதையும் முழுசாச் சொல்றதில்லையே."

தம்பிதான் முதல்ல சிரிச்சான். அப்பறம் அம்மா. பெரியக்கா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. விஷயம் புரிஞ்சதும் அத்திம்பேரும், "அட ராமா, நன்னாருக்குன்னா சொன்னான்!"னு சேந்துண்டார். நான் போர்டைக் கைல வெச்சுண்டு நின்னேன். "நாலு நாள்தான் இருக்கு"ன்னு சொன்னேன். ஒருத்தர் காதுலயும் ஏறலை. "சிரிங்கோ, நன்னாச் சிரிங்கோ. என் சாமானை என்னைக் கேக்காம மாத்த நீங்க யாரு?"ன்னு கத்தினேன். அம்மா உடனே, "மாப்பிள்ளை கிட்டப் பேசற பேச்சாடி இது?"ன்னா. கடைசில தப்பு என் பேர்ல வந்து நின்னுது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவ் சொல்லிட்டு, கடை திறக்கறப்போ வாசல்ல நிக்கறேன். என் போர்டு முந்தின நாள் சாயங்காலமே வித்துப் போச்சு. அடுத்தது திங்கட்கிழமை. தம்பிக்கு ஞாயித்துக்கிழமை பிளைட். "மூணு வாரம் நடந்தது நான். பேரும் நம்பரும் எழுதிக் குடுத்தது நான். போன்ல யாரோ வேண்டாம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேளா?"ன்னு மலையாளத்துல விளாசித் தள்ளினேன். அவன் கொஞ்சம்கூடக் கோபப்படாம, "வீட்டிலே சார் வந்நு பறஞ்ஞல்லோ, சேச்சி"ன்னான். ஆத்துலேர்ந்து சார் வந்து சொன்னாராம். அதுக்கு மேல ஒரு விளக்கம் தேவைன்னே அவனுக்குப் படலை. அத்திம்பேர் வாங்கின போர்டையும் நீல டப்பாவையும் அங்கயே வெச்சுட்டு, என் பச்சை டப்பாவை மட்டும் திருப்பி வாங்கிண்டு வந்தேன். அன்னிக்கு ஏறி எறங்கின வேற கடைகள்லயும் அந்த போர்டு இல்லை, மறுநாள் தேடலாம்னா வெள்ளிக்கிழமை ஹர்த்தால். ஊரே ஷட்டரை எறக்கிடுத்து.

கல்யாணங்கள்ல சொல்ற கதை இதோட முடிஞ்சுடும்.

அந்த ஹர்த்தால் மத்தியானம், பெரியவாள்லாம் சாப்பிட்டுப் படுத்துட்டா. தம்பி பெட்டி கட்டிண்டிருந்தவன் நடு ரூமுக்கு வந்தான். நான் பழைய மெஷின் முன்னாடி சும்மா உக்காந்திருந்தேன்.

"சின்னக்கா, கடைசியா ஒரு ஆட்டம். நீ என் மெஷின்ல உக்காரு. நான் அதுல ஆடறேன்."

"பிச்சை போடறியா?"

"உக்காரேன். ரொம்பத்தான் பண்ணாதே."

உக்காந்தேன். மௌஸை லேசா நகத்தினேன். படம் கையோட வந்தது. விக்கலே இல்லை. கை எங்க நின்னுதோ, படமும் அங்க நின்னுது. ஒரு நிமிஷம் ஒண்ணும் பண்ணாம அப்படியும் இப்படியும் திரும்பிப் பாத்துண்டே இருந்தேன். மூணு வருஷமா நான் சுத்தின அதே தெருதான், இப்பத்தான் முழுசாக் கண்ணுல படறது. அப்பறம் அவனைத் தேடிப் போய்ச் சுட்டேன். திரும்பியும் சுட்டேன்.

"இரு இரு, இது திரும்ப மாட்டேங்கறது"ன்னான். சுட்டேன். "ஏய், மாட்டிண்டுடுத்து, இரேன்!"னு மௌஸை மேஜைல தட்டினான். சுட்டேன். ஒரு மணி நேரத்துல அவனால என்னை ரெண்டு தடவைதான் சுட முடிஞ்சுது. நான் சுட்டதை எண்ணவே இல்லை.

கடைசில மௌஸை விட்டுட்டான். மூஞ்சில கேலியே இல்லை. "இதுலயா இத்தனை நாள் ஆடினே?"ன்னு கேட்டான்.

சந்தோஷமா இருந்திருக்கணும். ஜெயிச்சாச்சு, அவன் வாயாலயே வந்தாச்சு. ஆனா வந்தது பாருங்கோ ஒரு கோபம், அத்திம்பேர் மேல வந்ததெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. பிராசசர் வேண்டியிருக்கலை. போர்டு வேண்டியிருக்கலை. கொச்சிலேர்ந்து லாரி வர வேண்டியிருக்கலை. இவன் ஒரு தடவை எழுந்து பக்கத்து நாற்காலில உக்காந்திருந்தாப் போறும்.

"மூணு வருஷம்டா! தெனமும் சொன்னேனே, இழுக்கறது இழுக்கறதுன்னு தெனமும் சொன்னேனே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் எழுந்து வந்து பாத்தியாடா?"

நான் போட்ட சத்தத்துல அம்மா எழுந்து ஓடி வந்தா, வழக்கமான ஆட்டச் சண்டைதான்னு திரும்பிப் போயிட்டா. தம்பி தலையைக் குனிஞ்சுண்டான்.

"தோணலை சின்னக்கா"ன்னான்.

அத்திம்பேர் என்ன பண்ணுவார் பாவம், அவருக்கு பாஷை தெரியாது. இவன் கிட்ட நான் தமிழ்லதான் சொன்னேன், கையெட்டற தூரத்துல உக்காந்துண்டு. ஞாயித்துக்கிழமை கார்த்தால ஏர்போர்ட்ல அம்மா அழுதா, பெரியக்கா அழுதா. எனக்கு அழுகை வரலை. "என் மெஷினை நீயே வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டுத் தம்பி உள்ள போனான். இப்பவும் வாராவாரம் போன் பண்றான், நன்னாத்தான் பேசிக்கறோம். ஒவ்வொரு தடவை போனை வெச்சப்பறமும் அந்தக் கோபம் கொஞ்சம் வரும்.