திரும்பிப் பார்க்கிற பிள்ளை

மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் உங்க முன்னாடி வந்து நிக்கிறேன். ஆனா இன்னும் எனக்குக் குழப்பமாத்தான் இருக்கு. அதையும் சேத்தே சொல்லிடுறேன், கேளுங்க.

எனக்கு ஜெயங்கொண்டம். பேரு செலின். என் மக ஜெனிக்குப் பொறந்ததுலேர்ந்தே காது சரியாக் கேக்காது. மிஷின் மாட்டியிருக்கா. மூஞ்சியப் பாத்துப் பேசினா புரிஞ்சுக்குவா. நாலாவதுக்கு வந்ததும் டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க.

"முதல் பெஞ்சுலதாங்க உக்கார வச்சிருக்கேன். ஆனா திரும்பித் திரும்பிப் பின்னாடியே பாக்குறா. பாடம் ஏறல. திருச்சியில காது கேக்காத பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் ஸ்கூல் இருக்கு, சேத்துடுங்களேன்."

நல்ல ஸ்கூல்தானாம். ஆனா இவ என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. அனுப்புறதா, வேணாமா? ஒண்ணும் புரியல. எதைச் செஞ்சாலும் பாவமாத் தெரிஞ்சிச்சு. எங்க வூட்டுக்காரரு "நீயே முடிவு பண்ணு"ன்னுட்டாரு. நல்லா இருக்கு நியாயம்!

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறிட்டேன். கோயில்ல முன்னாடியே உக்காந்தோம். "தாயே, இவ காதத் தொறந்து விடும்மா"ன்னு அழுதேன். ஜெபமாலை ஆரம்பிச்சாங்க. இவ அங்கேயும் திரும்பித் திரும்பிப் பாக்குறா. எனக்கு வந்துச்சே கோவம்! கிள்ளக் கையக் கொண்டு போயிட்டேன்.

அப்பத்தான் கவனிச்சேன். எங்களப் பாத்து முன்னாடி நின்ன அக்கா ஜெபத்துல முதல் பாதி சொல்றப்ப இவ நேராப் பாக்குறா. பின்னாடி சனங்க மறுபாதி சொல்றப்ப மட்டும் திரும்புறா. அவங்க வாயப் பாத்துச் சேந்து சொல்றா. அடி என் தங்கமே! வகுப்புலயும் பின்பெஞ்சுப் பிள்ளைங்க பதில் சொல்றப்ப, யாரு பேசுறாங்கன்னுதானே தேடியிருக்கா!

திங்கட்கிழமை டீச்சர்கிட்ட போயிச் சொன்னேன். "எனக்கு இது தோணவே இல்லீங்களே"ன்னாங்க. பெஞ்செல்லாம் அரைவட்டமாத் திரும்பிச்சு. பேசுற பிள்ளை கையத் தூக்கிட்டுத்தான் பேசணும். டீச்சரும் போர்டுல எழுதி முடிச்சு, திரும்பி நின்னுதான் பேசுறாங்க. இப்ப ஜெனி பதில் சொல்றா. ஹாஸ்டல் பேச்சே இல்ல.

காது தொறக்கலீங்க. அதே மிஷின்தான். கேட்டது ஒண்ணு, கெடச்சது ஒண்ணு. ஏன்னு மாதாகிட்ட இன்னும் கேக்குறேன். எனக்குத் தெரியல. ஆனா கண்ணத் தொறந்தாங்க, என் கண்ண. குழப்பமா இருக்கேன்னு நீங்க ஒதுங்கிடாதீங்க. குழப்பத்தோடவே போயி அவங்க முன்னாடி உக்காருங்க.

போன வாரம் மறுபடியும் போனோம். ஜெபமாலையில முதல் பாதிய நானே சொல்றேன்னு ஜெனி கேட்டு வாங்கிக்கிட்டா. எல்லாரையும் பாத்த மாதிரி முன்னாடி நின்னா. முடியுற வரைக்கும் ஒரு தடவகூட திரும்பல.