ஜெகதீஸ்வரி லண்டன் பார்க்கப் போன நாள்

லண்டனுக்கு வந்து ஏழு மாதமாகியும் ஜெகதீஸ்வரி லண்டனைப் பார்த்திருக்கவில்லை. கோலியர்ஸ் வுட்டில் வாடகைக்கு எடுத்த வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கணவர் சண்முகராசா தன் ஒன்றுவிட்ட தம்பியோடு சேர்ந்து டூட்டிங்கில் நடத்திய பலசரக்குக் கடை. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பஸ் ஓடியது. அந்த பஸ்சைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை.

அதற்கு முன் இருபத்தொரு வருடம் ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் இருந்தவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கலியாணமாகிப் போன புதிதில் அவளுக்கு ஒரு சொல் ஜேர்மன் தெரியாது. வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, நாள் முழுக்க அவர்கள் சொல்லும் பழங்கதைகளைக் கேட்டுக்கேட்டே நாலு வருடத்தில் அந்த மொழி நாக்கில் ஏறிவிட்டது. பிறகு அந்த ஊர்த் தமிழ்ச் சனத்துக்கெல்லாம் அவள்தான் வாய். விசாக் கந்தோர், பிரசவ ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்து முறைப்பாடு, எதுவென்றாலும் ஜெகதீஸ் அக்காவைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். லீவு நாளிலும் வீட்டு மணி அடிக்கும். அவள் அலுத்துக்கொள்வாள், ஆனாலும் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

லண்டனுக்குப் போவோம் என்றது சண்முகராசாதான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கலாம், சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கிறார்கள், தொழிற்சாலையில் இரும்போடு மாரடித்தது போதும், சொந்தமாக ஒரு கடை போடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஒரு வருடம் மறுத்தாள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரெக்சிற் வந்தால் ஜேர்மன் பாஸ்போர்ட்டோடு நினைத்தபடி போக முடியாது என்று ஆகவும், கடைசியில் தலையாட்டினாள்.

வந்த இடத்தில் வாய் பூட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. யாராவது வேகமாகக் கேட்டால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஜேர்மன் வந்து நின்றது. அதனால் டொக்டரிடமும் கவுன்சில் கந்தோருக்கும் மகள் கோசிகாவைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். கோசிகாவுக்கு வயது பதினைந்து. ஒருமுறை டொக்டர் அறையில், அம்மாவின் மாதவிடாய்த் தொல்லையை ஆண் டொக்டர் ஒருவருக்கு அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையின் காது மடல் வரை சிவந்ததை ஜெகதீஸ்வரி பார்த்தாள்.

2020 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் அன்று அவளுக்கு வேலையில்லை. கோசிகா முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்: கெனிங்டனில் ரயில் மாறி, வாட்டர்லூவில் இறங்கி, ஆற்றோரமாக நடந்து, பிக் பென், அரண்மனை, டிரஃபல்கர் சதுக்கம். மகன் மிதுலன் பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நேரமும் போட்டிருந்தாள்.

“ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை அம்மா. பார்த்திட்டு வாங்கோ,” என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் பள்ளிக்கூடம் போனாள்.

வுப்பர்டாலின் குளிர் வேறு. அங்கே பனி கொட்டும், பிறகு வெயில் அடிக்கும். இங்கே பனியும் இல்லை, வெயிலும் இல்லை. ஈரம் எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. வாட்டர்லூவில் இறங்கி ஆற்றோரம் நடந்தாள். சனம் ஏறிச் சுற்றும் பெரிய ராட்டினச் சக்கரம் அன்று சுற்றவில்லை. பாலத்தில் ஏறிப் பார்த்தால், பிக் பென் உச்சியிலிருந்து அடிவரை திருத்தவேலைக்குக் கட்டிய இரும்புச் சாரத்துக்குள் நின்றது. மணிக்கூட்டின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. போனில் படம் எடுத்துச் சண்முகராசாவுக்கு அனுப்பினாள். பெயின்ற் அடிக்கிற வீடு மாதிரிக் கிடக்குது என்று பதில் வந்தது.

அரண்மனைக்குப் போகுமுன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்போம் என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த சுடுபோத்தலும் கையுமாகப் பாலத்துப் படிகளில் திரும்பி இறங்கினாள். ஈரப் படிகள். அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண், நீலத் தொப்பி போட்டவர், கால் சறுக்கி நாலு படி உருண்டு விழுந்தார்.

சனம் கூடிவிட்டது. ஒரு இளைஞன் குனிந்து எங்கே நோகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டான். அந்த அம்மா தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேறு மொழியில் புலம்பினார். அந்தப் புலம்பல் காதில் விழுந்ததும் ஜெகதீஸ்வரி சனத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் முழங்காலில் இருந்துவிட்டாள். அசைய வேண்டாம், நான் இருக்கிறேன் என்று ஜேர்மனில் சொன்னாள். ஏழு மாதத்தில் வெளியாளோடு அவள் முழுதாகச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

அவருடைய பெயர் ஹனலோரே. வயது எழுபத்தெட்டு. ஜேர்மனியிலிருந்து பஸ்சில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தவர், படம் எடுக்க நின்றதில் கூட்டத்தைத் தவறவிட்டிருந்தார். அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் ஜெகதீஸ்வரியையும் ஏறச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரி பாலத்தடியிலேயே இருந்தது.

உள்ளே ஒரு கறுப்பினத் தாதி கேள்வி கேட்கத் தொடங்கினார். ஜெகதீஸ்வரி போனை எடுத்துக் கோசிகாவுக்கு அடித்தாள். வகுப்பில் இருப்பாள், போன் நிறுத்தியிருந்தது. இன்னொரு தரம் அடித்தாள். பிறகு போனைப் பைக்குள் வைத்தாள்.

ஹனலோரே மணிக்கட்டு நோகிறது என்பதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் தொப்பியைக் கழற்றியபோது காதுக்கு மேலே மயிரில் இரத்தம் ஒட்டியிருந்ததை ஜெகதீஸ்வரி கண்டாள். இருபது வருடம் வயதானவர்களைத் தூக்கிப் பராமரித்தவளுக்கு அடுத்த கேள்வி தானாக வந்தது. என்னென்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். இருதயத்துக்கு ஒன்று, பிறகு இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒன்று என்றார் அவர், அது என்ன பெரிய விசயமா என்பதுபோல.

அது பெரிய விசயம்தான். அந்த மருந்து குடிப்பவருக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தம் நிற்காது. ஜேர்மனில் அந்த மருந்தின் பெயரே அவளுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது? தாதி மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரி அவருடைய கையைத் தொட்டாள்.

“ஹெட்,” என்றாள், தன் காதுக்கு மேலே விரலை வைத்து. “பிளட். ஷீ டேக் டேப்லெட். பிளட் நொட் திக்.”

யாரும் சிரிக்கவில்லை. தாதியின் முகம் மாறியது. எழும்பிப் போய் ஒரு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் தலையை ஸ்கான் எடுத்தார்கள். மண்டைக்குள் சிறிய இரத்தக் கசிவு. உடனே மருந்து ஏற்றினார்கள். அந்த டொக்டர் கேட்ட நூறு கேள்வியையும் அவள் இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். விளங்காத இடத்தில் “அகெய்ன் பிளீஸ்” என்றாள். அவர்கள் திரும்பச் சொன்னார்கள். அவ்வளவுதான். திரும்பச் சொல்லக் கேட்டால் சொல்வார்கள் என்பது ஏழு மாதமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

மிதுலன் வரும் நேரமானதும் நடைபாதை ஜன்னலடியில் நின்று சண்முகராசாவுக்கு அடித்தாள். ஆற்றுக்கு அப்பால் பாராளுமன்றத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

“எங்கை நிக்கிறீர்?”

“ஆஸ்பத்திரியிலை.”

“ஐயோ, என்ன நடந்தது உமக்கு?”

“எனக்கு ஒண்டுமில்லையப்பா. ஒரு ஜேர்மன்காரம்மா விழுந்திட்டா. அவவுக்குக் கதைக்க ஆளில்லை. நான்தான் டொக்டரோடை கதைக்கிறன். நீங்கள் போய் மிதுலனைப் பாருங்கோ, நான் வரப் பிந்தும்.”



“இங்கிலிசிலையோ கதைக்கிறீர்?”

“ஓம். வேறை என்னத்திலை?”

நாலரைக்குப் பஸ் கூட்டத்தின் தலைவி ஓடிவந்து சேர்ந்தார். ஹனலோரே கட்டிலில் படுத்தபடி ஜெகதீஸ்வரியின் கையை விடாமல் வைத்திருந்தார். நீ எந்த ஊர்க்காரி என்று கேட்டார். வுப்பர்டால் என்று சொன்னது அவளுடைய வாய். சொன்ன பிறகுதான் யாழ்ப்பாணத்தை யோசித்தாள். ஹனலோரே அதில் பிழையொன்றும் காணவில்லை. வுப்பர்டாலில் தன் தங்கச்சி இருந்ததாகவும், அங்கே மேல் தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் ரயிலில் ஏறினால் தனக்குத் தலைசுற்றும் என்றும் சொன்னார்.

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. ரயிலில் இருக்க இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு முழங்கால் நோவெடுத்தது, பசித்தது. மத்தியானம் சாப்பிடவில்லை என்பது டூட்டிங் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த கிழமை டொக்டரிடம் போகவேண்டியிருந்தது. கோசிகா வழக்கம்போல முதல் பாடத்தை விடுவதற்கு ஆயத்தமாக நின்றாள். நீர் பள்ளிக்கூடம் போம், நான் தனியப் போறன் என்றாள் தாய். அன்று டொக்டர் சொன்னதில் பாதிதான் அவளுக்கு விளங்கியது. மிச்சத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வந்து, அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தாள். கோசிகா மாலையில் வந்து தாய்க்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் போட்டாள்.

பெப்ரவரியில் கவுன்சில் நடத்திய ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். ஆறு வகுப்போடு கொரோனா வந்து மூடிவிட்டார்கள். அதே வருடம் பிறகு முதியோர் இல்லமொன்று, வேலைக்கு ஆள் கிடைக்காமல், அவளுடைய ஆங்கிலத்தைப் பெரிதாகப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டது. அந்த வருடம் அங்கே பட்டதை அவள் யாருக்கும் விரித்துச் சொல்வதில்லை. பதினொரு பேரைப் போர்வை போர்த்தி அனுப்பினேன் என்று மட்டும் சொல்வாள்.

ஹனலோரேயிடமிருந்து மூன்று நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வந்தது. நாலாவது வருடம் அவருடைய மகன் எழுதினான், அம்மா ஐப்பசியில் தூக்கத்தில் போய்விட்டார் என்று. ஜெகதீஸ்வரி அவனுக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதினாள்.

இப்போது அவள் அந்த இல்லத்தில் பகல் ஷிப்டுக்குப் பொறுப்பு. அவளுடைய ஆங்கிலத்தில் வினைச்சொல் இன்னும் சிலவேளை வசனத்தின் கடைசிக்குப் போய்விடும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களில் சிலர் ருமேனியா, சிலர் கேரளா, சிலர் வவுனியா. முதல் நாளில் அவர்கள் வாயைத் திறக்கப் பயந்து நிற்கும்போது அவள் அவசரப்படுத்துவதில்லை. அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை, கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நின்று கேட்கிறாள்.