வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மனிதரை நம்பாதே, ஆண்டவரை மட்டும் நம்பு என்று யாராவது பிரசங்கம் பண்ணினால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். ஆண்டவரை நம்புவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து என் வீட்டுக்காரர் செய்த வேலையில்தான் கோபம்.

அது பெரும்புயலுக்கு அடுத்த வருஷம். கல்முனையில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, நாவிதன்வெளிப் பக்கம் கொஞ்ச வயல். புயல் வீட்டுக் கூரையையும் தென்னைகளையும் கொண்டுபோயிருந்தது. கோடையில் செய்கிற அந்தச் சிறுபோகமும் பொய்த்துப்போனால் சாப்பாட்டுக்கும் நெல்லில்லை, மாரி விதைப்புக்கும் நெல்லில்லை.

சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். எங்களுக்கு ஞாயிறு காலை, பக்கத்து வயல் முஸ்லிம் பெரியவருக்கு வெள்ளி மதியம். அவரை நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வரம்பை வெட்டிவிட்டு, வயல் நிறையும்வரை மண்வெட்டியோடு ஒரு ஆள் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மேல் வயல்காரர் மறித்துத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். காக்கா ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் நேரம் என் வீட்டுக்காரர் அவருடைய வரம்பில் நிற்பார். நாங்கள் ஆராதனையில் இருக்கும் நேரம் காக்கா எங்கள் வரம்பில் நிற்பார். கலியாணமாகி நான் வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. அதை உதவி என்று யாரும் சொன்னதில்லை.

பிறகுதான் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து கூட்டம் வைத்தார். மனிதர் கையில் சாய்கிறவன் ஆண்டவரை அவமதிக்கிறான் என்று மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரருக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. ஒருத்தர் கையையும் எதிர்பார்க்காத ஆள் என்று தன்னைப்பற்றி ஏற்கெனவே அவருக்குப் பெரிய நினைப்பு. அதுவரைக்கும் அதை நாங்கள் வீம்பு என்றுதான் சொல்லிவந்தோம். அந்தக் கூட்டத்தோடு அதற்கு விசுவாசம் என்று பெயர் வந்துவிட்டது.

அந்த வாரமே எங்கள் வாசல் படலையடியில் காக்காவை மறித்துச் சொன்னார்: "காக்கா, இனி ஞாயித்துக்கிழமை நீங்க மினக்கெட வேணாம். எங்கட வயல ஆண்டவர் பாத்துக்குவார்."

காக்கா சைக்கிளைப் படலையில் சாத்தினார். "நல்லது தம்பி. அப்ப வெள்ளிக்கிழம நான் பள்ளியில இருக்கக்குள்ள என்ட வயல ஆரு பாக்கிற?"

இவர் அதை யோசிக்கவே இல்லை. அவரவர் தங்கள் தங்கள் கடவுளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வயலுக்குப் போனோம். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. கதிர் வெளியே வரப்போகிற நேரம் அது. இன்னும் ஒரு முறை தவறினால் எல்லாம் பதர்தான். இவர் வெடித்த மண்ணைப் பார்த்துவிட்டு ஆண்டவருடைய சித்தம் என்றார். சித்தமில்லை, உங்கட வீம்பு என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வயல்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். தான் விதைத்ததைத் தானே காயவிட்டுவிட்டுப் பழியை ஆண்டவர் தலையில் போடுவதா?

வெள்ளிக்கிழமை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் மறிக்கப் போனதே கிடையாது. நான் போய்க் காக்காவின் வரம்பில் நின்றேன். பாங்கு சொல்லுகிற நேரம் பார்த்தால், காக்காவும் மண்வெட்டியோடு வருகிறார். ஜும்ஆவை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மனிதனுடைய தொழுகையைக் கெடுத்துவிட்டா நாங்கள் விசுவாசம் கொண்டாடுகிறோம்?

"போய்த் தொழுதிட்டு வாங்க காக்கா. தண்ணிய நான் பாக்கன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஓம் தங்கச்சி" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினார். மேல் வயலில் சிரித்தார்கள். வந்து மறித்துப் பாருங்கள் என்று மண்வெட்டியை ஓங்கிக் காட்டினேன். ஒருத்தரும் கிட்ட வரவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது எங்கள் வயல் நிறைந்திருந்தது. தண்ணீரை அளவாக விட்டு வரம்பையும் கட்டிவிட்டுக் காக்கா போயிருந்தார். யாருடைய வேலை என்று இவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வரம்பில் ஈரம் காயாமல் கிடந்த அந்தக் கால்தடங்களின் மேலேயே முழங்காலை ஊன்றி, கண்ணை மூடி, மனிதர் கையை எதிர்பாராமல் தண்ணீர் தந்தீரே, ஸ்தோத்திரம் என்று ஜெபம் பண்ணினார். முடித்துவிட்டு என் ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

"எழும்புங்க," என்றேன். "முதல்ல காக்காட வீட்ட போய்க் கதைச்சிட்டு வாங்க. ஆமென் பிறகு சொல்றன்."