நான் பார்த்த சிவப்புக் கொடி

காலை ஏழு இருபதுக்கு ஒரு சிவப்புக் கொடி உயர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பொய்க்குப் பிறகு ஒரு குடும்பம் இந்த நாட்டில் இருக்க வழியில்லாமல் போயிற்று.

இதைப் படிக்கும் உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்த வசதியில்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு நாளிதழின் நிருபர் நான். வெளிநாட்டுப் பிரமுகர் ஒருவரின் வருகைக்காக மற்ற நிருபர்களோடு விமான நிலையக் கம்பி வேலியோரம் நின்றேன். நான்கு எஞ்சின் விமானம் தரையிறங்கி, நிறுத்துமிடத்தை நோக்கி ஊர்ந்து வந்தது. அதன் இறக்கை எதிலும் இடிக்காதபடி கொடியோடு ஓர் ஆள் பக்கத்தில் நடப்பார். அவர் கொடியைத் தூக்கினால் விமானி நிறுத்த வேண்டும்.

அன்று நடந்தவர் மாரிமுத்து. நோர்வூட் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்களோடு முன்பு குடியிருந்தவர்.

ஓரத்தில் ஒரு தண்ணீர் லொறி நின்றது. இறக்கை நேராக அதை நோக்கிப் போனது. மாரிமுத்து கொடியைத் தலைக்கு மேலே தூக்கினார். விமானியின் ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரக் கை தெரிந்தது. ஒதுங்கு என்பதுபோல் அசைந்தது.

மாரிமுத்து கொடியை மடக்கினார். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கினார். புல்லில் இறங்கிக் குனிந்து நின்றார்.

தோட்டத்தில் வெள்ளைக்கார நிர்வாகியான துரையின் கார் வந்தால் அப்படித்தான் நிற்போம். குடை மடங்கும், துண்டு இறங்கும், ஆள் வடிகானுக்குள் இறங்குவார். துரை கையசைத்த பிறகும் பாதையில் நின்றவருக்கு மறுநாள் வேலை கிடையாது. அந்தக் கையைக் கண்டதும், வேலிக்கு இந்தப் பக்கம், என் முதுகும் வளைந்தது!

இறக்கை லொறியின் மேல் ஏறியது. தகடு கிழிந்து தொங்கியது. யாருக்கும் காயமில்லை.

விமானி இறங்கிவந்து, கொடி எதையும் தான் காணவில்லை என்றார். விமான நிலைய அதிகாரி மாரிமுத்துவைக் கேட்டார்.

"தூக்கினேனுங்க. தொரை கையக் காட்டுனாரு, ஒதுங்கிட்டேனுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரிமுத்து வேலியைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டுகொண்டார்.

"தம்பி! நம்ம மேல் லயத்துத் தம்பிதானே? நீங்க பாத்தீங்கல்ல... சொல்லுங்க தம்பி!"

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து நிருபர் என் விலாவில் இடித்தார். "என்ன ஐசே, உமக்கு லயத்திலையும் சொந்தக்காரர் இருக்கினமோ?"

அவர்களிடம் நான் அட்டன் கடைவீதி வியாபாரியின் மகன் என்று சொல்லிவைத்திருந்தேன்...

"ஆள் மாறிப் பேசுறார்," என்றேன். நீங்கள் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டபோது தலையை இடம் வலமாக ஆட்டினேன்.

அதோடு நின்றேனா? அலுவலகத்துக்குப் போய், கொடி காட்டத் தவறிய ஊழியர் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது. என் வாக்கியங்களில் ஒரு சொல்லைக்கூட ஆசிரியர் மாற்றவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாரிமுத்துவுக்கு வேலை போய்விட்டது என்றாள் அம்மா. லயத்தில் அவர் முன்பு இருந்த காம்பிரா அறையில் வேறு குடும்பம் குடியேறியிருந்தது. தோட்டத்திலும் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. தோட்டத் தமிழர்களுக்குப் பிரஜாவுரிமை கிடையாது என்று நாற்பத்தெட்டிலேயே சட்டம் வந்திருந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு வெளியில் யார் வேலை கொடுப்பார்? மனைவி பிள்ளைகளோடு மைத்துனர் வீட்டில் ஒண்டியிருந்தார்.

போய்ப் பார்த்தேன். ஏன் போனேன்? சொல்லிவிடத்தான் என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

"அத விடுங்க தம்பி," என்று அவரே ஆரம்பித்தார். "தூரமா நின்னீங்க. வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்."

விமானம் இடித்த அன்று வானம் முழுக்க மேகம்.

"ஆமாண்ணே," என்றேன்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கண்ணாடி போட்டும் தெரியலையாக்கும்! பேப்பர்ல மட்டும் எல்லாம் வெவரமா வருது."

"சும்மா இரு புள்ள. தம்பி என்ன பண்ணும்?"

உண்மையை எழுத அப்போதும் நேரமிருந்தது! மறுப்புச் செய்தி நான்கு வரி போதும். மனத்துக்குள் பலமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும், எங்கிருந்து வந்தவன் நான் என்ற இடத்தில் நின்றுபோனேன்... வெட்கம் என்றா இதைச் சொல்வது? வெட்கப்பட வேண்டியதை விட்டுவிட்டு, பிறந்த இடத்துக்கல்லவா வெட்கப்பட்டேன்!

அடுத்த மாசியில் அவர்கள் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். அட்டன் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடப் போனேன். மாரிமுத்து என் கையைப் பிடித்து, "நல்லா இருங்க தம்பி," என்றார். அவர்களுடைய தகரப் பெட்டியைத் தூக்கி, ரயிலில் ஏறிவிட்டிருந்த அவர் மனைவியிடம் நீட்டினேன்.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லி, தானே இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்.